எஞ்சினில் இருந்தவன்

தண்டர் பே,
9 ஜனவரி 2018

அன்புள்ள ஓர்வல்,

வரும் திங்கட்கிழமை முதல் மன அதிர்ச்சிக்கான கண்ணசைவு சிகிச்சைக்குப் போகிறாயாமே, உன் மனைவி வெர்னா போனில் சொன்னாள். உன்னை விட்டுப் போன பிறகும் அவளுக்கு உன் கவலைதான். நம் சரக்கு ரயில் அந்தப் பிக்கப் வண்டியில் மோதி மூன்று வருடம் ஆகிறது. இப்போதாவது உனக்குப் புத்தி வந்ததே!

பயப்படாதே, நானும் போய் வந்தவன்தானே. யாரும் உன்னை மயக்கித் தூங்க வைக்க மாட்டார்கள். முதல் இரண்டு மூன்று தடவை வெறும் பேச்சு. மனதுக்கு இதமான ஓர் இடத்தை நினைத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு அந்த லெவல் கிராஸிங்கை நினைக்கச் சொல்லி, முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். தலையை அசைக்காமல் கண்ணால் தொடர வேண்டும். நிறுத்திவிட்டு, "இப்ப என்ன தோணுது?" என்பார்கள். தோன்றியதைச் சொன்னால் போதும், முழுக் கதையும் வேண்டாம். இரண்டு நாள் கெட்ட கனவு வரலாம்.

ஒன்று மட்டும். வேதனை பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். கம்பெனி டாக்டரிடம் சொல்வதுபோல் "நல்லாத்தான் இருக்கேன்" என்று மழுப்பாதே.

உன் பழைய ரயில் கார்டு,
எமில்

மெல்வில்,
20 பிப்ரவரி

அன்புள்ள எமில்,

மழுப்பத்தான் செய்தேன். இரண்டு என்றேன். வேலையை விட்டு இறக்கிவிடுவார்களோ என்ற பழைய பயம். ஓய்வு பெற்றவனை எங்கிருந்து இறக்குவது! சிகிச்சை தரும் அந்த அம்மாள் விரலை ஆட்ட ஆட்ட, தானாக வாயில் வந்துவிட்டது, ஒன்பது.

அப்போது என் கண்முன் தெரிந்தது பிக்கப் வண்டி இல்லை, உன் முதுகு. மோதினால் கார்டுதான் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், டிரைவர் எஞ்சினை விட்டு நகரக் கூடாது. விதிப்படி உட்கார்ந்திருந்தேன். நீ பனியில் பெட்டிகளை ஒட்டிப் பின்னால் நடந்து போனாய். வயர்லெஸ்ஸில், "அப்பவே போயிட்டான் ஓர்வல், ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றாய். நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பினாய்.

ஆள் இல்லாத வீட்டில் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். செத்தவனோடு அவ்வளவு நேரம் என்ன செய்தாய்? உண்மையைச் சொல்.

ஓர்வல்

தண்டர் பே,
2 மார்ச்

ஓர்வல்,

நான் போனபோது அவனுக்கு உயிர் இருந்தது. இருபது நிமிடம் இருந்தான். நாற்பது வயதிருக்கும். பிழைக்க மாட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோட்டைப் போர்த்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாண்டிடலாம்னு நெனச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னான். மூச்சு அடங்கிய பிறகும் விட்டு வர மனமில்லை.

இறங்கி வரவும் முடியாமல் நீ அங்கே தவிப்பாயே என்றுதான் பொய் சொன்னேன். பிறகு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. மன்னித்துவிடு.

எமில்

மெல்வில்,
20 மார்ச்

எமில்,

நேற்று பத்து என்றேன். நடுவில் இப்படி ஏறுவதும் உண்டு என்கிறாள் அந்த அம்மாள். அடுத்த திங்கட்கிழமையும் போவேன்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், தெரியும். ஆனாலும் கோபம் ஆறவில்லை. அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், தப்பு என்னுடையது இல்லை என்று இந்த மூன்று வருடமும் தூங்கியிருப்பேன். நானாக எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

சாகிறவனுக்குக்கூடப் பக்கத்தில் நீ இருந்தாய். எனக்கு யாரும் இல்லை.

ஓர்வல்