சுவருக்குள் இருந்த லிண்டல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதம் வந்தது. அப்பா போய் ஒன்றரை மாதம் கழித்து நாலே வரி. அந்த வீட்டில் எனக்கு எதுவும் வேண்டாம், இனி என்னைக் கூப்பிடவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, கூப்பிடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். நீ பதில் சொல்லாமல் இங்கே வேலை நகராது.

அப்பாவை எடுத்த அன்று வாசல் கொள்ளாத கூட்டம். கொத்தனார்கள், பெயின்டர்கள், அவர் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவருக்கு ஊர் வைத்த 'ஏன் மேஸ்திரி' என்ற பேர்தான் எல்லார் வாயிலும். பல் டாக்டர்கூட வந்திருந்தார். "வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே இந்த மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்னு கேட்டாருங்க" என்று சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அறுபத்தாறு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். எழுபத்தெட்டில் கம்ப்யூட்டரில் பிளான் போடக் கற்றது தெரியாது. என் பெண்தான் வாத்தியார். "சும்மா அழுத்துங்க தாத்தா, ஒண்ணும் ஆகாது" என்பாள். "ஒண்ணும் ஆகாதுன்னா அந்த பட்டன் எதுக்கு இருக்கு?" என்பார். அம்மா மட்டும் ஏன் தோளைத் தூக்கிக்கொண்டு சமைக்க வேண்டும் என்று கேட்டு, அவள் முழங்கையை டேப்பால் அளந்து அடுப்பு மேடையை மூன்று அங்குலம் இறக்கினாரே, ஞாபகமிருக்கிறதா? இன்றைக்கும் அதில் சமைத்தால் என் இடுப்பு ஒடிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் நீ மாடியில் ஒரு ரூம் கேட்டாய். முதலில் ஒரு வேலையில் நிலையாக நில் என்றார். நீ பெட்டியைத் தூக்கினாய். அடுத்த வருஷம் மாடியில் எனக்கு ரூம் கட்டிய போட்டோவை அனுப்பினேன். மொட்டைமாடிப் பக்கம் ஜன்னல்கூட இல்லாத அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு ரூம், எனக்கு மட்டும் சுவரா?" என்று அப்பாவிடமே கேட்டு போனை வைத்தாய். அவர் ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

போன வாரம் அந்தச் சுவரில் லைட் வைக்க எலக்ட்ரீஷியன் வந்தார். டிரில் உள்ளே போகவில்லை. "கதவே இல்லாத இடத்துல லிண்டல் எதுக்குக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலுக்கு மேலே பாரம் தாங்கப் போடுகிற கான்கிரீட்டை வாசல் இல்லாமல் யாராவது போடுவார்களா? அப்பாவிடம் வேலை பார்த்த பழைய கொத்தனாரை வரவழைத்தேன். பூச்சைப் பெயர்த்துப் பார்த்தார். லிண்டலுக்குக் கீழே மூன்றரை அடி அகலத்துக்குச் செங்கல், பக்கச் சுவரோடு சேராமல் தனியாக நிற்கிறது. சிமென்ட்கூட இல்லை, வெறும் களிமண். "பின்னாடி திறக்கறதுக்குன்னே அடைச்ச வாசல் இது. தட்டினா அரை நாள்ல வந்துடும்" என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்தேன். நம் வீட்டு நிலையெல்லாம் ஆறடி. இது ஏழடி. நிலையில் தலையை இடித்துக்கொண்டு நிலையையே திட்டுகிற ஆள் இந்த வீட்டில் யார்?

அம்மாவிடம் ஓடினேன். துணியைப் பிழிந்துகொண்டே சாவகாசமாகச் சொன்னாள். "ரூமையும் சேர்த்தே கட்டிடுங்கன்னேன். அவனுக்கு எப்படி வேணும்னு கேக்காம கட்டினா அது என் ரூம், அவன் ரூம் இல்லன்னாரு. அப்ப கேளுங்கன்னேன். வரட்டும், கேக்கறேன்னாரு."

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது தம்பி. ஊரையெல்லாம் கேள்வி கேட்ட மனுஷனுக்கு உன்னைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. நீ மட்டும் லேசுப்பட்டவனா? பன்னிரண்டு வருஷம்! கடைசியாக முகம் பார்க்கக்கூட வரவில்லை. வீம்பில் அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை.

அவர் நோட்டுகளையும் குடைந்தேன். நாற்பத்தொரு நோட்டு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில், யாரிடம் கற்றார் என்ற குறிப்பு. கடைசி நோட்டில் ஒரு பக்கத்துக்கு 'சின்னவனிடம் கேட்க' என்று தலைப்பு. ஜன்னல் எந்தப் பக்கம்? கட்டில் எத்தனை அடி? மருமகளுக்கு வெயில் ஆகுமா? பேத்திக்குக் கை எட்ட ஸ்விட்ச் எவ்வளவு உயரத்தில்? அடியில், வேறு மையில், 'இன்னும் என்மேல் கோபமா?' வலப்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. அதைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன்.

கிழித்து அனுப்ப மனசு வரவில்லை. நோட்டை அந்தச் சுவரடியில் வைத்திருக்கிறேன். பூசி மூடட்டுமா, திறக்கட்டுமா என்று கொத்தனார் தினமும் கேட்கிறார். தம்பி சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். முழங்கால் வலியோடு அம்மா தினமும் மாடியேறிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நீயும் உன் மனைவியும், நான் இன்னும் கண்ணால் பாராத குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வந்து அந்தப் பக்கத்தை நிரப்பு. இந்த வாசலில் நீ குனிய வேண்டாம்டா, நிமிர்ந்தபடியே வரலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா