பாய்லர் குழாயில் திணித்த துண்டு

ஜனவரி, செவ்வாய் இரவு. அமெரிக்காவில் எடிசன் நகரம், மகன் வீடு.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் திரையில் ஏதோ பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. நான் தொட்டு ஓடாத மோட்டார் திருப்பூரிலேயே கிடையாது, ஊரே சொல்லும். ரீசெட் பொத்தானை அழுத்தினேன். ஓடியது, நின்றது. விடாமல் அழுத்தினேன்.

மருமகள் அந்த எண்ணைப் போனில் தேடிப் படித்தாள். "மாமா, புகை போற வழி அடைச்சிருக்காம். வெளிய பைப்புல எதாச்சும் வெச்சீங்களா?"

"சூடு வீணாப் போகுதேன்னு என் துண்டத் திணிச்சேன்மா. எப்படி நம்ம மூளை?"

அவள் வெளியே ஓடிப்போய் உருவி எறிந்தாள். "அது விஷக்காத்து மாமா! பாய்லர் தானா நிக்கலேன்னா காலைல யாருமே எந்திரிச்சிருக்க மாட்டோம்."

அது நிற்க நிற்க நான்தானே திரும்ப ஓட்டினேன்!

தூங்கும் பேத்தி மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள். இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன்.