டீச்சரின் படத்தோடு வந்த செய்தி

கார்த்திகை 4, திங்கள்

விடாத மழை. எழுத்து கோணல்மாணல், பொறுக்க வேண்டும். வேறு யார், நான்தான் வாசிக்கப் போகிறேன். வலை இழுத்த கை, பேனைக்குப் பணியவில்லை.

எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் புவனா டீச்சர் பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். அவர் படத்தோடு போனில் ஒரு செய்தி. எனக்குப் பெரிய சந்தோஷம். தோணித்துறையில் எல்லாரையும் கூப்பிட்டு, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தேன். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. கவனமெல்லாம் எழுத்தில். பொருள் கடைசியில்தான் விளங்கியது. நிமிர்ந்தால் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"நான் வென்றால் மாரி தொடங்கவே முகத்துவாரத்தை வெட்டுவிப்பேன், வயல்காரருக்காக."

வாவியைக் கடலிலிருந்து மறிக்கும் அந்த மணல்திட்டை முந்தி வெட்டினால் வாவி மீனும் இறாலும் கடலோடு போய்விடும்.

மச்சான் கந்தையா: "இவவுக்கா நாம வோட்டுப் போடுற?"

கார்த்திகை 6, புதன்

கொக்கட்டிச்சோலை, மகள் வீடு. நெத்தலி கொண்டுபோனேன். மருமகன் போனிலும் டீச்சர். அதே படம், அதே சேலை. வாசித்தேன்.

"நான் வென்றால் முகத்துவாரத்தை வெட்ட விடமாட்டேன், மீன்காரருக்காக."

வெட்டாவிட்டால் இவர்கள் வயல்வட்டை முழுதும் வெள்ளத்தில் அழுகும். இரண்டும் எப்படி உண்மையாகும்?

"வயலுக்குப் பசளை தாறம் எண்டு ரெண்டு பேர் வந்து நம்பர் எடுத்தாங்க மாமா. என்ன தொழில் எண்டும் கேட்டாங்க."

துறைக்கும் வந்தார்கள், வலை தருவதாக. மீன்பிடி என்று நானே சொன்னேன். நம்பரும் கொடுத்தேன். வலை வரவில்லை. இதுதான் வந்தது.

கார்த்திகை 7, வியாழன்

துறையில் சொன்னேன், அது டீச்சர் அனுப்பியதல்ல, யாரோ அவர் பேரில் அனுப்பிய பொய் என்று. சிரித்தார்கள்.

"அண்டைக்கு நீங்கதானே வாசிச்ச? இண்டைக்கு மாத்திச் சொல்றீங்க. டீச்சர் வீட்டில சோறு பலமோ?"

கந்தையா: "எழுத்தில இரிக்கி மச்சான். நீ சொல்றது வாயில."

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன். இருமல்.

கார்த்திகை 14, வியாழன்

வோட்டுப் போட்டேன். முதல் முறை பெயரை நானே வாசித்து. சந்தோஷம் வரவில்லை.

கார்த்திகை 17, ஞாயிறு

தூறல். டீச்சர் தோற்றார். துறையும் போடவில்லை, வட்டையும் போடவில்லை.

பின்னேரம் அவரே வந்தார். துறையில் வாசித்தது நான்தான் என்று சொன்னேன்.

"அவ்வளவையும் நீங்க தனியாவா வாசிச்ச, ஐயா?"

"ஓம்."

"தடக்காம?"

"ஓம்."

சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி அடுத்த கிழமை எழுதுகிறேன். இன்று எழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.