ஈஸ்டர் இல்லாத உப்பு

என் பிரியமான ஸ்டெல்லா,

அங்கே சாப்பாட்டில் உப்பு உண்டா? எடுத்த எடுப்பிலேயே இதைக் கேட்கிறானே என்று சிரிக்காதே. இங்கே எனக்கும் குறைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றாத தலை, போன மாதம் வாழவந்தியில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சுற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் உனக்கு இருந்த அதே இரண்டும்தான், சர்க்கரையும் பிரஷரும்.

உன்னிடம் உப்பைக் குறைக்கச் சொன்னபோது நாம் என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் நெருங்கியிருந்தது. ஒவ்வொரு தவக்காலத்துக்கும், ஈஸ்டர் வரைக்கும், நீ காப்பியை விடுவாய், நான் பீடியை விடுவேன். "ஏனுங்க, இந்த வாட்டி நான் உப்ப உட்டுடறனுங்க" என்றாய். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் கேலி செய்தேன். "ஆண்டவருக்குன்னு உட்டா கஷ்டம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, சப்பென்ற குழம்பை நீயும் தின்று எனக்கும் ஊற்றினாய்.

உப்பே இல்லை, பிறகு பிரஷர் மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தினாய். எனக்குத் தெரியும். விரதம் இருப்பவளைப் போய்க் கண்டிப்பதா என்று சும்மா இருந்துவிட்டேன்.

தவக்காலத்துக்கு முன்பு நீ உப்பில் போட்டு வைத்த நாரத்தங்காய், ஈஸ்டருக்குப் பதமாக ஊறியிருந்தது. விட்டதை அன்றைக்குத் திரும்ப எடுப்பதுதானே நம் வழக்கம்? நான் பீடியைப் பற்றவைத்தேன். உன் தட்டில் ஊறுகாயை அள்ளி வைத்தவனும் நான்தான். "நாப்பது நாள் பொறுத்தாச்சு, நல்லாத் தின்னு புள்ள" என்றேன். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் ஊறுகாய்தான், மாத்திரை இல்லை. சனிக்கிழமை உனக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சேலம் போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

இரண்டு வருஷமாக யாரிடமும் கேட்காததை இந்த முறை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நாந்தானுங்களா அவளக் கொன்னது?"

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு வாரத்து ஊறுகாயால மட்டும் வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க அய்யா. மாத்திரைய நிறுத்துனது பெரிய தப்பு. அத யாராவது உங்க ரெண்டு பேருக்கும் வெளக்கமாச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

நம்மைப் போன்ற சர்க்கரைக்காரர்கள் பலருக்கு உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லையாம். அதனால் இன்சுலின் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அது கூடினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாது. உப்போடு தண்ணீரும் தங்கிப் பிரஷர் ஏறும். அப்படியானால் அடியோடு விட்டுவிடலாமே என்றேன். ரொம்பவும் குறைத்தாலும் சிலருக்கு இன்சுலின் வேலை மந்தமாகலாமாம். "கொஞ்சமாப் போடுங்க, தெனமும் அதே கொஞ்சம். இதுக்கு ஈஸ்டர் கெடையாதுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன், ஸ்டெல்லா. பாரம் பாதி இறங்கியது. மீதியை நீ மன்னிப்பாயா?

நேற்று விபூதிப் புதன். "இந்த வாட்டி என்னத்த உடறீங்கப்பா?" என்று மகள் கேட்டாள். பீடியை, ஈஸ்டருக்கு அப்புறமும் சேர்த்து என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள்.

உன் நாரத்தங்காய் ஜாடி இன்னும் அடுப்படியில்தான் இருந்தது. உன் கை போட்டதாயிற்றே, திறக்கவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. நேற்று சாயங்காலம் அதைக் கொட்டி, கழுவி, வெயில் காணாத இந்தக் குளிரில் துணியால் துடைத்துக் காயவைத்தேன். இப்போது அதில் என் மாத்திரைகள் இருக்கின்றன.

ஈஸ்டர் அன்று காலையிலும் அந்த ஜாடியைத் திறப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத உன் வீட்டுக்காரன்,
சூசை
தலைச்சோலை