வார்னிஷில் ஊற்றியது

அச்சரப்பாக்கம்
4.6.2024

தங்கை ஹெலனுக்கு மோசஸ் அண்ணன் எழுதுவது. கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும்.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் கடிதம். நீ சொல்லாமல் பட்டறையை விட்டுச் சதுரங்கப்பட்டினம் போய் ஐந்து மாதம் ஆகிறது. என் வார்னிஷ் உன் கையைத் தின்றுவிட்டதாகச் சர்ச்சில் சொல்கிறாயாம்.

அந்த வார்னிஷுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? கெட்டியாக இருந்தால் புற ஊதா விளக்கின் அடியில் நொடியில் காயும், ஆனால் கதவுப் பலகையில் வரிவரியாக நிற்கும். இளக்கினால் கண்ணாடி மாதிரி பரவும், விளக்கைத் தாண்டியும் பிசுபிசுக்கும். எட்டாவது படித்த நான் அதில் ஒன்றை ஊற்றி, பரவுவதையும் காய்வதையும் சேர்த்தே கொண்டுவந்தேன். விளக்கைத் தாண்டி வரும் ஒவ்வொரு பலகையிலும் நீ கட்டைவிரலை அழுத்துவாய். ரேகை விழாவிட்டால் பாஸ். உன் விரலைப் போல இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வா.

அண்ணன்
மோசஸ்

சதுரங்கப்பட்டினம்
13.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஹெலனின் தோத்திரம். அண்ணிக்குக் கால் வீக்கம் குறைந்ததா?

சர்ச்சில் நான் எதுவும் சொல்லவில்லை. கையைப் பார்த்து அவர்களே கேட்கிறார்கள். விரலெல்லாம் வெடித்து நீர் வடிகிறது. ரேஷன் கடை மெஷினில் என் ரேகை விழவில்லை. "இன்னாக்கா, வெரல வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கடைக்கார மணி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வார்னிஷை இளக்க எதை ஊற்றினார்கள் என்று தோல் டாக்டர் கேட்கிறார். பெயர் தெரிந்தால்தான் எதெல்லாம் எனக்கு ஆகாது என்று சொல்ல முடியுமாம். நீங்கள்தான் லேபிளைக் கிழித்துவிட்டுக் கேனை உள்ளே கொண்டுவருவீர்களே. பெயரை மட்டும் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

ஹெலன்

அச்சரப்பாக்கம்
24.6.2024

ஹெலனுக்கு,

இருபது வருடமாக உன் அண்ணிக்கே சொல்லாத பெயரைக் கேட்கிறாய். டாக்டர் மேஜைக்குப் போனால் மறுவாரம் மறைமலைநகர் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் பட்டறையை மூடவேண்டியதுதான். முடியாது.

கிளவுஸ் வாங்கித் தந்தேனா இல்லையா? போடாதது யார்?

ஒரு நல்ல செய்தி. இப்போது அதை ஊற்றுவதே இல்லை. வார்னிஷை ஐம்பது டிகிரிக்குச் சூடாக்கினால் தானே இளகுகிறது, விளக்கடியில் சட்டென்று காய்ந்தும் விடுகிறது. இதையும் நானேதான் கண்டுபிடித்தேன். இனி உன் கைக்கு ஒன்றும் வராது. வா.

அண்ணன்
மோசஸ்

சதுரங்கப்பட்டினம்
15.7.2024

அண்ணனுக்கு,

சொத்தைப் பல்லை அடைத்தார்கள். அதுவும் விளக்கில் காய வைக்கிற பசையாம். உதடும் தொண்டையும் வீங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பெயர் முன்பே தெரிந்திருந்தால் அதை வைத்திருக்கவே மாட்டோம் என்கிறார்கள்.

கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் முதல் நாள் நின்றேன். "கிளவுஸ் போட்டுகினா ரேகை எப்டி வுழும்? கய்ட்டிப் போடு" என்றீர்கள். என் மகன் ஸ்டான்லி பக்கத்தில் இருந்தான்.

சூடாக்கினாலே போதும் என்றால் பதினோரு வருடம் என் விரல் எதற்கு அதில் வெந்தது? இப்போது ஊற்றாத பொருளின் பெயரைக்கூட எனக்குத் தர உங்களுக்கு மனசில்லை. இனி உங்கள் கவரைப் பிரிக்க மாட்டேன்.

ஹெலன்

அச்சரப்பாக்கம்
9.9.2024

ஹெலனுக்கு,

ரிஜிஸ்டர் தபால் இரண்டு முறையும் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதனால்தான் பிரிக்கத் தேவையில்லாத போஸ்ட் கார்டில் எழுதுகிறேன். திங்கட்கிழமைதோறும் ஒன்று போடுகிறேன். இது நாலாவது.

பெயர்: ஹெக்ஸேன்டையால் டைஅக்ரிலேட். நூற்றுக்கு நாற்பது பங்கு ஊற்றினேன். தபால்காரர் படிக்கட்டும், தெருவே படிக்கட்டும்.

கிளவுஸைக் கழற்றச் சொன்னது நான்தான். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

பதில் போட வேண்டாம். டாக்டரிடம் காட்டிவிடு.

மோசஸ்