பச்சை நூல் கட்டிய குச்சிகள்

அக்கா,

இன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் பழைய தேங்காயெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. லேஸ் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நம் ஒற்றை அறைக் காட்சியகத்தை மூடுகிறார்கள். எல்லாம் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றபடி வந்த முழங்கால்களுக்கு இனி ஓய்வு. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் அனுப்பிய படிவத்தில் 'பயன்படுத்தியவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

தொண்ணூற்று மூன்றில் கான்வென்ட்டின் பழைய லேஸ் அறையைக் காட்சியகமாக்கி என்னைப் பொறுப்பாளராக வைத்தார்கள். விரல் நீளக் குச்சிகள். அவற்றில் நூலைச் சுற்றி, திண்டின்மேல் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்களாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு முன் மதர், "எல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்றார். சும்மா இருப்பேனா? ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் அழுக்கேறிய வண்ண நூல் துண்டு ஒன்று கட்டியிருந்தது. எல்லாவற்றையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். குச்சிகளைச் சீயக்காய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்து எண்ணெய் தடவினேன். மதர் பாராட்டினார். ஏதோ சாதித்துவிட்டதுபோல் நானும் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மறுவாரம் நீங்கள் வந்தீர்கள்.

"எங்கம்மா இங்கதாம்மா லேஸ் போட்டுக்கினு இருந்தாங்க. அவங்க குச்சில பச்ச நூலு கட்டியிருக்கும். மாறிப்போவக் கூடாதுன்னு ஆளுக்கொரு கலரு. கொஞ்சம் எடுத்துக் காட்டேம்மா. அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல."

எது யாருடையது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கைக்கு அகப்பட்ட ஒரு கொத்தை எடுத்து, "கழுவுறப்போ நூல எடுத்துட்டேங்க அக்கா, இதுதான்" என்றேன். நீங்கள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும், மழையில் சேலைக்கரை நனைய, கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக என்னிடம் வருவீர்கள். எனக்கென்று வறுத்த வேர்க்கடலை, உங்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரு பொட்டலம் இருக்கும். அந்தக் கொத்தை நானும் தனியாக வைத்து, மாதாமாதம் எண்ணெய் தடவிப் பராமரித்தேன். ஒருமுறை சொல்லிவிடுவது என்று துணிந்து, "அக்கா, அந்தக் குச்சிங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பத்தரமா வச்சிக்கினு இருக்கியே, அதாம்மா எனக்குத் தெம்பு" என்றீர்கள்.

அதோடு என் துணிவு போயிற்று. காட்சியகத்தில் எனக்கு அலுப்பூட்டிய வேலை தூசி தட்டுவதல்ல, உங்களிடம் சொல்லாமல் இருப்பதுதான். இத்தனை வருடத்தில் அது என்னை ரொம்பவே களைக்க வைத்துவிட்டது.

கடைசியாக வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. "நான் போறப்போ இதுல ஒன்னு என் கைல வைக்கணும்மா" என்று கேட்டீர்கள். விதியை மீறி ஒரு குச்சியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். உங்கள் மகள் மறக்காமல் செபமாலையோடு சேர்த்து அதையும் உங்கள் விரல்களுக்கு நடுவே வைத்தாள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை பார்த்தோம். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன்.

இன்று படிவத்தில் வரிசையாக 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். உங்கள் கொத்து வந்ததும் பேனா நின்றது. உங்கள் அம்மாவின் பெயரை எழுதிவிட ஆசைதான். அதற்கும் 'தெரியவில்லை' என்றே எழுதி, அடையாள நூல்களை வெட்டியது நான்தான் என்று கீழே கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத ஒரு அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நாளை வேன் வருகிறது. உங்கள் அம்மாவின் குச்சிகள் இந்தப் பெட்டிகளில் எங்கேயோ இருக்கின்றன. உங்களோடு புதைந்த குச்சியாவது தப்பித்தவறி அவற்றில் ஒன்றாக இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அக்கா. வேண்டிக்கொள்ளும்போதே கூச்சமாக இருக்கிறது.