மூன்றாம் தேதிப் படம்

மார்ச் 10

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இயக்கும் செயற்கைக்கோளை ஒருவழியாகப் படம் பிடித்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் நம் கொல்லைக்கு நேர் மேலே போகிறது. தொலைநோக்கியைத் திருப்ப இடமில்லை என்று துணிக்கொடியை அவிழ்த்தேன். ஈரத்துணியோடு வந்த உன் அண்ணி என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள்.

மூன்றாம் தேதி எடுத்த படத்தில் அதன் சூரிய மின்தகடு இரண்டும் நன்றாக விரிந்திருக்கின்றன. நேற்று எடுத்ததில் ஒன்று மடங்கிக் கிடக்கிறது. என்னம்மா ஆயிற்று?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தப் படங்களை யாருக்கும் காட்டாதீர்கள். அந்தத் தகடு ஆரம்பத்திலிருந்தே விரியவில்லை என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. தகட்டை விரிக்கும் கீலைச் சரியாகப் பொருத்தவில்லை என்று, அதை மாட்டிய பிட்டர் தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நடந்தது வேறு. ஆறாம் தேதி என் ஷிப்டில், நான்கு விநாடி ஓட வேண்டிய எஞ்சினை நாற்பது விநாடி ஓடவிட்டேன். அந்த உலுக்கலில்தான் தகடு மடங்கிவிட்டது. பதிவேட்டில் நான்கு என்றே எழுதினேன்.

நேற்று வாசலில் பிட்டர் என்னை நிறுத்தினார். "மேடம், கீலைப் பத்து தடவை மடக்கி விரிச்சுப் பாத்தேன். நீங்களாவது சொல்லுங்க." கைப்பையில் சாவி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் தேதிப் படத்தை அழித்துவிடுங்கள் அண்ணா. உங்கள் காலில் விழுகிறேன்.

உங்கள் குட்டி

மார்ச் 18

குட்டிக்கு,

அழிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் அண்ணி, "அந்தாளு வீட்ல இப்ப என்ன பேசிக்குவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வரும் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறேன். நீயே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் படம் பிட்டர் கைக்குப் போகும். வேலை போனால் இங்கே வந்துவிடு, மாடியறை உனக்குத்தான்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணாவுக்கு,

வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன். நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பிட்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மாடியறை எனக்கு வேண்டாம்.

நீங்கள் செய்தது சரி. யாரிடமும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலை, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தொடங்கி, இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். நானாகவே மூன்றாவது வரி எழுதியிருப்பேனா? நீங்கள் கெடு வைத்துவிட்டதால், இனி அது எனக்கே தெரியப்போவதில்லை.

கொஞ்ச காலம் எழுதாதீர்கள்.

தங்கை